“எங்களுக்கு ஸ்ட்ராட்டஜி எல்லாம் கிடையாது” என்கிற தொழிற்சாலையை வைத்து எம்பிஏ குழு ப்ராஜெக்ட் எழுத முடியுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கோத்தகிரிப் பக்கம் ஒரு கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலையை எடுத்துக்கொண்டு, ஐந்து பேர் குழுவாக உத்தி மேலாண்மைப் பாடத்துக்கு ரிப்போர்ட் எழுதுகிறீர்கள். மேலாளரைப் பார்த்தபோது அவர், “ஸ்ட்ராட்டஜி எல்லாம் இங்க ஒண்ணும் இல்லைங்க. இலை வருது, அரைக்கிறோம், ஏலத்துக்கு அனுப்புறோம். மத்ததெல்லாம் மேலே இருந்து சொல்றதுதான்” என்று சொல்லிவிட்டார். ஸ்வாட் (பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல்) அட்டவணையை ஒரே சாயங்காலத்தில் முடித்து, வழிகாட்டும் ஆசிரியரான கைடிடம் கொடுத்தீர்கள், அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். வேறு நிறுவனத்துக்கு மாறிவிடலாமா என்று கேட்கிறீர்கள். ஆனால் உங்களை உண்மையில் தடுக்கிற கேள்வி வேறு என்று நினைக்கிறேன். யாரும் எழுதி வைக்காத, வாய்விட்டும் சொல்லாத ஓர் உத்தியை வெளியாட்களான ஐந்து மாணவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பது? கண்டுபிடித்ததாகச் சொன்னால் அதை எதை வைத்து நிரூபிப்பது? அதற்குத்தான் இந்தப் பதில். குன்னூரில் தேயிலை வணிகத்தில் வேலை பார்த்துவிட்டு மேலாண்மைத் துறைக்கு ஆசிரியராக வந்தவன் நான். இந்த வகை ரிப்போர்ட்டுகளைப் பல வருடங்களாகத் திருத்தி வருகிறேன். தொழிற்சாலையை நிர்வகித்த அனுபவம் எனக்குக் கிடையாது, அதனால் இயந்திரம், உலை, பராமரிப்பு பற்றி மேலாளர் சொல்வதையே நம்புங்கள். மற்றபடி, நிறுவனத்தை மாற்ற வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

மேலாளர் உங்களிடம் மறைக்கவில்லை. அவருடைய வேலை நாளில் உத்தி என்ற பெயரில் எந்தக் கூட்டமும் நடப்பதில்லை, எந்தக் கோப்பும் இல்லை. ஆனாலும் அந்தத் தொழிற்சாலை தினமும் சில விஷயங்களைத் தேர்ந்தெடுக்கிறது. எந்த இலையை வாங்குவது, எதைத் திருப்பி அனுப்புவது? தூளாக அரைப்பதா, பெரிய இலை ரகமாகவோ, அரைக்காமல் உருட்டிச் செய்யும் ஆர்த்தடாக்ஸாகவோ செய்வதா? ஏலத்துக்கு எவ்வளவு, ரேஷன் கடை ஊட்டி டீக்கு எவ்வளவு, பாக்கெட்டுக்கு எவ்வளவு? உறுப்பினருக்கு எப்போது பணம் கொடுப்பது? கையில் இருக்கிற பணமும் இலையும் உலை எரிகிற நேரமும் எல்லாவற்றுக்கும் போதாது என்பதால் ஒன்றுக்குக் கொடுத்தால் இன்னொன்றுக்குக் குறையும். அப்படிக் குறைத்தது எதை என்று பார்த்தால் அந்த நிறுவனத்தின் உத்தி தெரிந்துவிடும். ஸ்வாட் அட்டவணையில் இது வரவே வராது. ‘தரமான இலை, பலம்’, ‘விலை ஏற்ற இறக்கம், அச்சுறுத்தல்’ என்று எழுதினால் அது நீலகிரியில் இருக்கிற எந்தத் தொழிற்சாலைக்கும் பொருந்தும். உங்கள் கைடு அதைத் திருப்பிக் கொடுத்ததற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

எங்கே போய்ப் பார்ப்பது என்று கேட்டால், மேலாளர் அறைக்கு முன்னால் இலை எடை போடும் ஷெட்டுக்குப் போங்கள் என்பேன். மழை நாளாக இருந்தால் இன்னும் நல்லது. மதியத்துக்கு மேல் ஹட்டிகள் எனப்படும் படுகர் ஊர்களிலிருந்து வலைப் பைகளில் இலை வந்து இறங்கும். எடை போடுகிறவர் பையின் நடுவில் கையை விட்டுப் பார்ப்பார். உள்ளே சூடாக இருந்தால் அமுக்கிக் கட்டி நெடுநேரம் வைத்திருந்த இலை என்று அர்த்தம், ஓரம் சிவந்திருக்கும். ஒரு பிடி எடுத்து விரித்துப் பார்ப்பார். இரண்டு இலை ஒரு மொட்டாக எவ்வளவு, முற்றிய கரட்டு இலை எவ்வளவு என்பது அவருக்குக் கண் பார்வையிலேயே தெரியும். தண்ணீர் சொட்டினால் ஈரத்துக்குக் கழிவு போட வேண்டும், அதாவது எடையில் கொஞ்சம் குறைத்து எழுத வேண்டும். இப்போது அவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். பையைத் திருப்பி அனுப்பினால், கொண்டுவந்தவர் அடுத்த வளைவில் நிற்கும் ஏஜென்ட் வண்டியில் போடுவார். அங்கே கரட்டு இலைக்கும் ஆள் உண்டு, அவசரச் செலவுக்கு முன்பணமும் கிடைக்கும். அது மட்டுமில்லை, கொண்டுவந்தவர் சங்கத்தின் உறுப்பினர், பல சமயம் எடை போடுகிறவரின் சொந்தக்காரர். நிர்வாகக் குழுத் தேர்தலில் ஓட்டுப் போடுகிறவரும் அவர்தான். எடை போடுகிறவர் சின்னதாக ஒரு கழிவு எழுதிவிட்டுப் பையை வாங்கிக்கொண்டால், ‘தரத்தை விட அளவு முக்கியம், உறுப்பினரை இழக்கக் கூடாது’ என்ற முடிவை அந்தத் தொழிற்சாலை எடுத்துவிட்டது. யாரும் தீர்மானம் போடவில்லை. ஒரு நாளைக்கு அப்படி எத்தனை பை வருகிறது, எத்தனை திரும்புகிறது, கழிவு எவ்வளவு எழுதப்படுகிறது என்று ஒரு வாரம் குறித்து வைத்தால் உங்கள் ரிப்போர்ட்டில் வேறு யாரிடமும் இல்லாத ஒரு பக்கம் இருக்கும்.

அந்தக் கழிவு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குக் கணக்கு வேண்டும். இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள், உங்கள் ரிப்போர்ட்டின் முதுகெலும்பு இதுதான். 2003-ஆம் ஆண்டின் தேயிலை சந்தைப்படுத்தல் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ், ஏல விலையை விவசாயியும் தொழிற்சாலையும் பகிர்ந்துகொள்ள ஒரு விகிதம் இருக்கிறது. இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிச் செய்கிற சிடிசி தூளுக்கு அது 65-க்கு 35. இதை வைத்துப் பசுந்தேயிலைக்குக் கொடுக்க வேண்டிய குறைந்தபட்சச் சராசரி விலையைத் தேயிலை வாரியம் மாதாமாதம் மாவட்டத்துக்கு அறிவிக்கிறது. கணக்கு எளிதாக இருக்க, ஏலச் சராசரி கிலோவுக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விவசாயியின் பங்கு 65 ரூபாய். ஒரு கிலோ தூளுக்கு 4 கிலோ இலை என்றால் இலை கிலோவுக்கு 16 ரூபாய் 25 காசு வரும். தொழிற்சாலைக்கு 35 ரூபாய் மிஞ்சும். அந்த 35 ரூபாயில்தான் விறகு, மின்சாரம், கூலி, சாக்கு, லாரி, வங்கி வட்டி எல்லாம் அடங்க வேண்டும்.

இப்போது அதே மாதம் மழை. ஈர இலைக்குச் சரியான கழிவு போடாததால் ஒரு கிலோ தூளுக்கு 4 கிலோ போதாமல் 4.5 கிலோ ஆகிறது. அறிவித்த விலை 16.25 அப்படியே இருப்பதால் இலைக்கு மட்டும் 73 ரூபாய் 13 காசு போய்விடும். கரட்டு இலையும் கலந்ததால் தூளில் நார் ஏறி, ஏலத்தில் 100 கிடைக்காமல் 92 ரூபாய்தான் கிடைத்தது என்றால் மிஞ்சுவது 18 ரூபாய் 87 காசு. பக்கத்துத் தொழிற்சாலை இலையைப் பொறுக்கி வாங்கி, 4 கிலோவில் ஒரு கிலோ எடுத்து, 110 ரூபாய்க்கு விற்றால் அதற்கு மிஞ்சுவது 45 ரூபாய். இலைக்கு இருவரும் கொடுத்த விலை ஒன்றே. வித்தியாசம் முழுக்க ஷெட்டில் நடந்தது. இந்த 92-ம் 110-ம் உதாரணத்துக்காக நான் வைத்த எண்கள், ரிப்போர்ட்டில் எடுத்துப் போடாதீர்கள். உங்கள் தொழிற்சாலையின் மார்க்குக்கு, அதாவது ஏலத்தில் அதன் தூள் விற்கும் பெயருக்கு, கிடைத்த விலையைத் தரகர்களின் வாராந்திர ஏல அறிக்கையிலிருந்து எடுத்து, அதே வார குன்னூர் ஏலச் சராசரியோடு வைத்துப் பாருங்கள். குன்னூரில் 1963-லிருந்து ஏலம் நடக்கிறது, இப்போது மின்னணு முறையில். எந்த லாட் என்ன விலைக்குப் போனது, எது விற்காமல் நின்றது என்பதெல்லாம் பதிவில் இருக்கும். சராசரிக்கு மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்று ஒரு வருடத்துக்குக் கோடு வரைந்தால், மேலாளர் சொல்லாத கதையை அந்தக் கோடு சொல்லும்.

இனி வகுப்பில் படித்த மாதிரிகளுக்கு வருவோம். ஒரு தொழிலில் போட்டியை அளக்கும் போர்ட்டரின் ஐந்து சக்திகளை உங்கள் குழு கட்டாயம் போட்டிருக்கும். அதில் ‘சப்ளையரின் பேரம் பேசும் வலிமை’ என்ற கட்டத்துக்கு வந்ததும் நின்று யோசியுங்கள். இலை கொடுக்கிறவர்தான் இங்கே முதலாளி. தனியார் தொழிற்சாலைக்கு இலை விலை என்பது செலவு, அது குறைந்தால் நல்லது. கூட்டுறவுக்கு அந்த விலைதான் நோக்கம், அது கூட வேண்டும் என்பதற்காகவே சங்கம் தொடங்கப்பட்டது. அதனால் ‘இந்தத் தொழிற்சாலையின் லாபம் குறைவு, ஆகவே பலவீனம்’ என்று எழுதினால் தவறாகப் போகலாம். உறுப்பினருக்கு முழுசாகக் கொடுத்துவிட்ட சங்கத்தின் கணக்கில் லாபம் குறைவாகத்தான் தெரியும். நல்ல தூள் விற்றும் கொடுக்காத சங்கத்தின் கணக்கு அழகாக இருக்கும். எந்த அளவுகோலால் அளப்பது? இரண்டு போதும். தேயிலை வாரியம் அறிவித்த விலைக்கு மேல் மாதாமாதம் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது ஒன்று. உறுப்பினர்களின் மொத்த இலையில் எவ்வளவு பங்கு இந்த ஷெட்டுக்கு வருகிறது, எவ்வளவு ஏஜென்ட் வண்டியில் போகிறது என்பது மற்றொன்று. முதலாவது எளிது. இரண்டாவதுக்குச் சரியான பதில் கிடைக்காது, ஏனென்றால் வெளியே போடுவதை உறுப்பினர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். உறுப்பினர் எண்ணிக்கை, அவர்களின் பரப்பு, வந்த இலை மூன்றையும் வைத்து உத்தேசமாகச் சொல்லலாம். உத்தேசம் என்று எழுதியே சொல்லுங்கள்.

மாதிரிகளை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மாதிரி பொருந்தாமல் முட்டுகிற இடத்தை விளக்குவதுதான் நல்ல மாணவரின் வேலை என்கிறேன். பாடத்தை மனப்பாடம் செய்தவருக்கும் புரிந்துகொண்டவருக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு மதிப்பீட்டாளர் அந்தப் பக்கத்தில்தான் பார்ப்பார். நான் அப்படித்தான் மதிப்பெண் போடுகிறேன். உங்கள் கைடு எப்படிப் போடுவார் என்பதை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

‘மேலே இருந்து சொல்றதுதான்’ என்ற வாக்கியத்தையும் விட்டுவிடாதீர்கள். யாருடைய உத்தியை ஆராய்கிறோம் என்று முடிவு செய்யாமல் தொடங்கியதுதான் உங்கள் சிக்கலில் பாதி. நீலகிரியின் குந்தாவில் 1962-ல் முதல் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை வந்தது. 1965-ல் இவற்றுக்கெல்லாம் பொதுவாகக் குன்னூரில் இன்ட்கோசர்வ் என்ற கூட்டமைப்பு உருவானது. இன்று 16 தொழிற்சாலைகளும் ஏறத்தாழ 30,000 சிறு விவசாயிகளும் அதன் கீழ் வருகிறார்கள். தொழிற்கூட்டுறவுச் சங்கங்கள் என்பதால் தொழில் வணிகத் துறையின் மேற்பார்வையும் உண்டு. இலையை வாங்குவதும் அரைப்பதும் தொழிற்சாலையின் கையில், விற்பனையும் பிராண்டும் பெரும்பாலும் இன்ட்கோசர்வின் கையில், ரேஷன் கடையில் ஊட்டி டீ என்ன விலைக்குப் போக வேண்டும் என்பது அரசின் கையில். மூன்று அடுக்குக்கும் உத்தி உண்டு, அவை எப்போதும் ஒரே பக்கம் இழுப்பதில்லை. உங்கள் ரிப்போர்ட் தொழிற்சாலை அடுக்கைப் பற்றியது என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டு, மற்ற இரண்டையும் சூழ்நிலையாக வையுங்கள். இல்லாவிட்டால் மேலாளரால் மாற்றவே முடியாத விஷயத்துக்கு அவரைக் குறை சொல்லி முடிப்பீர்கள்.

வரலாறு கொஞ்சம் வேண்டும், ஆனால் அறிமுக அத்தியாயத்தை நிரப்புவதற்காக வேண்டாம். சோவியத் ஒன்றியம் இருந்த வரை தென்னிந்தியத் தேயிலைக்கு அது பெரிய சந்தை. 1991-ல் அது உடைந்தபின் அந்த வாங்குதல் குலைந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் விலை சரிந்து, 2000-ஐ ஒட்டிய வருடங்களில் மலை முழுக்கச் சிறு விவசாயிகள் போராட்டத்தில் இறங்கினார்கள். ரேஷன் கடைகளில் ஊட்டி டீ வந்தது அந்தக் காலத்தில். நிச்சயமான ஒரு வாங்குபவர் வேண்டும் என்ற தேவையிலிருந்து பிறந்த ஏற்பாடு அது. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், இன்று அந்த ஏற்பாடு தொழிற்சாலைக்குத் துணையா, சுமையா என்று கேட்கலாம். துணை என்பதற்கு வாதம் உண்டு: ஏலம் படுத்தாலும் ஒரு பகுதி தூளுக்கு வழி இருக்கிறது. சுமை என்பதற்கும் உண்டு: விலை ஏறுகிற மாதங்களில் அந்தப் பகுதிக்கு ஏற்றம் கிடைக்காது, பணமும் தாமதப்படலாம். ஒரு தொழிற்சாலையின் ஒரு வருடக் கணக்கை வைத்து இதற்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. இரண்டு வாதத்தையும் எண்களோடு வைத்துவிட்டு, எந்தத் தகவல் கிடைத்தால் தீர்ப்புச் சொல்லலாம் என்று எழுதுங்கள்.

வருடங்களைச் சரிபார்ப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு இதே மலையில் ஓர் உதாரணம் இருக்கிறது. ஊட்டியை அடுத்த இந்து நகரில் இருந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ். எந்த வகுப்பில் கேட்டாலும் ‘டிஜிட்டல் கேமரா வந்தது, பிலிம் கம்பெனி மூடியது’ என்பார்கள். 1960-ல் தொடங்கி, 1967-ல் உற்பத்திக்கு வந்த அந்தப் பொதுத்துறை நிறுவனம் நலிவடைந்ததாக அறிவிக்கப்பட்டது 1996-ல். அந்த வருடம் நம் ஊர் ஸ்டூடியோக்களிலும் கல்யாண வீடுகளிலும் பிலிம் ரோல்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆக, டிஜிட்டல் வருவதற்கு முன்பே நோய் வந்துவிட்டது. பாலியஸ்டர் எக்ஸ்ரே பிலிம் திட்டத்துக்காக வாங்கிய பெருங்கடனும் அதன் வட்டியும், 1991-க்குப் பிறகு இறக்குமதி பிலிமுக்கு வரி குறைந்ததும்தான் முதலில் பார்க்க வேண்டியவை. டிஜிட்டல் பிறகு வந்து, மீண்டு எழுவதற்கான வழியை அடைத்தது. ஊழியர்களுக்கான விருப்ப ஓய்வுத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது 2014-ல். காரணங்களை வருட வரிசையில் அடுக்காததால் எத்தனையோ ரிப்போர்ட்டுகளில் பின்னால் வந்தது முன்னால் போய் நிற்கிறது. உங்கள் தொழிற்சாலைக்கும் இதையே செய்யுங்கள். ‘விலை சரிந்ததால் உறுப்பினர்கள் வெளியே போனார்கள்’ என்று ஒருவர் சொன்னால், எந்த வருடம் சரிந்தது, எந்த வருடம் இலை வரத்துக் குறைந்தது என்று இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். வரிசை மாறியிருந்தால் அந்தக் காரணம் நிற்காது.

தொழிற்சாலை கணக்கைக் காட்டவே மறுத்துவிட்டால் மட்டும் மாறுவதைப் பற்றி யோசியுங்கள். அப்போது பொது ஆவணம் நிறைய இருக்கிற நிறுவனமாகப் பாருங்கள். மேலே சொன்ன பிலிம் நிறுவனம் ஒன்று. குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீ இன்னொன்று. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களுக்கு வாழ்வு கொடுக்க 1968-ல் அரசு தோட்டம் போட ஆரம்பித்தது, 1976-லிருந்து அது கழகமாக இயங்குகிறது. மறுவாழ்வுக்காகப் பிறந்த நிறுவனத்தை லாப நஷ்டத்தால் மட்டும் அளக்கலாமா என்ற கேள்வி அங்கேயும் வரும். கோத்தகிரியிலேயே பழங்குடியினரின் உற்பத்தியாளர் நிறுவனமாக 2013-ல் தொடங்கிய ஆதிமலையும் இருக்கிறது. சின்னது, நன்றாகப் புரிந்துகொள்ளக்கூடியது.

குழு வேலையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ‘ஸ்வாட் ஒருத்தர், பெஸ்டல் (வெளிச்சூழல் ஆய்வு) ஒருத்தர், ஐந்து சக்திகள் ஒருத்தர்’ என்று பிரித்துக்கொண்டோம் என்று எழுதியிருந்தீர்கள். பெரும்பாலான குழு ரிப்போர்ட்டுகள் கெடுவது இந்த இடத்தில்தான். அத்தியாயத்தைப் பிரித்தால் ஐந்து தனி ரிப்போர்ட்டுகள் ஒரே அட்டைக்குள் வரும், ஒன்று சொல்வதை இன்னொன்று மறுக்கும், அதை யாரும் கவனிக்கக்கூட மாட்டீர்கள். இடத்தையும் ஆளையும் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் எடை ஷெட், ஒருவர் தொழிற்சாலைக்குள், ஒருவர் ஏல அறிக்கையும் தேயிலை வாரிய விலை அறிவிப்பும், ஒருவர் சங்கத்தின் ஆண்டறிக்கையும் தணிக்கைக் குறிப்பும், ஒருவர் ஹட்டிகளில் உறுப்பினர் வீடுகள். படுகர்களின் மொழியான படுகு பேசத் தெரிந்தவர் உங்கள் குழுவில் இருந்தால் ஹட்டிக்கு அவரை அனுப்புங்கள். தமிழில் கேட்டால் உறுப்பினர்கள் மரியாதையாகப் பதில் சொல்வார்கள், சொந்த மொழியில் கேட்டால் மனசில் இருப்பதைச் சொல்வார்கள். பிறகு வாரம் ஒரு முறை ஐந்து பேரும் உட்கார்ந்து, ஒருவர் கொண்டுவந்தது மற்றவர் கொண்டுவந்ததோடு எங்கே முட்டுகிறது என்று மட்டும் பேசுங்கள். ‘நாங்கள் கரட்டு இலை வாங்குவதே இல்லை’ என்று அலுவலகத்தில் சொன்னதும், ஷெட்டில் நீங்கள் பார்த்ததும், ஏலத்தில் கிடைத்த விலையும் ஒத்துப்போகாத அன்றுதான் உங்கள் ரிப்போர்ட் எழுத ஆரம்பிக்கத் தகுந்ததாகிறது. வேலை செய்யாமல் பெயர் மட்டும் போட்டுக்கொள்கிறவர் பிரச்சினையும் இதில் பெருமளவு தீரும். ஷெட்டுக்குப் போகாதவரால் ஷெட்டைப் பற்றி அந்தக் கூட்டத்தில் பேச முடியாது.

எழுதும்போது ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். நாங்களே பார்த்தது, ஆவணத்தில் இருப்பது, ஒருவர் சொன்னது, நாங்கள் ஊகித்தது என்று நான்கையும் கலக்காதீர்கள். ஏல விலை ஆவணம், அதில் சந்தேகம் இல்லை. ‘தனியார் தொழிற்சாலையில் இரண்டு ரூபாய் கூடக் கொடுக்கிறார்கள்’ என்பது ஒருவர் சொன்னது. அங்கே கழிவு எவ்வளவு போட்டார்கள், முன்பணத்துக்கு என்ன பிடித்தார்கள், கூட்டுறவில் பின்னால் வருகிற கூடுதல் தொகையைச் சேர்த்தார்களா என்று பார்க்கும் வரை அந்த இரண்டு ரூபாய் உறுதியானதல்ல. நான் பார்த்த வரையில் விலை வித்தியாசத்தை விட, பணம் எப்போது கைக்கு வருகிறது என்பதுதான் உறுப்பினரை அதிகம் இழுக்கிறது. பள்ளிக்கூடக் கட்டணம் கட்டுகிற ஜூன் மாதத்தில் கையில் வருகிற பணமும் அடுத்த மாதம் வருகிற பணமும் ஒன்றல்ல. இது என் அனுபவத்திலிருந்து சொல்வது, உங்கள் தொழிற்சாலைக்கும் பொருந்துகிறதா என்று சோதிக்க வேண்டியது உங்கள் வேலை. சோதிக்க வழி எளிது. பணம் கொடுத்த தேதிகளையும் இலை வரத்தையும் மாதவாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். தாமதமான மாதத்துக்கு அடுத்த மாதம் வரத்து குறைகிறதா என்று தெரியும். மழை, பனி, கவாத்து இவற்றாலும் வரத்து குறையும் என்பதால் பக்கத்துத் தொழிற்சாலையின் வரத்தும் கிடைத்தால் மட்டுமே உறுதியாகப் பேசலாம்.

பரிந்துரைப் பகுதிக்கு மாணவர்கள் வழக்கமாக எழுதுவது மூன்று: ஆன்லைனில் விற்கலாம், பிராண்டை வளர்க்கலாம், கிரீன் டீ செய்யலாம். எதுவுமே தவறில்லை, ஆனால் எதற்கும் செலவுக் கணக்கு இருக்காது. பரிந்துரை ஒன்றே ஒன்று கொடுங்கள், அதற்காக எதை விட வேண்டியிருக்கும் என்பதையும் எழுதுங்கள். உதாரணமாக, கரட்டு இலையைத் திருப்பி அனுப்பு என்று பரிந்துரைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் சில மாதம் இலை வரத்து குறையும். உலையும் இயந்திரமும் முழு அளவு ஓடாததால் கிலோவுக்கு ஆகும் செலவு ஏறும். ஏல விலை உடனே ஏறிவிடாது, வாங்குகிறவர்கள் அந்த மார்க்கின் தூள் மாறியிருக்கிறது என்று நம்பப் பல வாரம் எடுத்துக்கொள்வார்கள். அந்த இடைவெளியைத் தாங்கப் பணம் எங்கிருந்து வரும்? திருப்பி அனுப்பப்பட்ட உறுப்பினரிடம் நிர்வாகக் குழு என்ன சொல்லும்? எல்லாரையும் ஒரேயடியாகத் திருப்பாமல், நல்ல இலைக்குக் கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதல் விலை என்று தொடங்கினால் எவ்வளவு செலவாகும் என்று மேலே போட்ட கணக்கையே திரும்பப் போட்டுக் காட்டலாம். இப்படி எழுதிய பரிந்துரையை மேலாளர் ஏற்காவிட்டாலும் உட்கார்ந்து வாதாடுவார்.

அனுமதி விஷயத்தில் கவனம் தேவை. கல்லூரிக் கடிதத்தை எடுத்துக்கொண்டு தொழிற்சாலைக்கும் இன்ட்கோசர்வ் அலுவலகத்துக்கும் இரண்டு இடத்திலும் கொடுங்கள். என்ன எண்கள் வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கேளுங்கள், ‘தகவல் வேண்டும்’ என்று பொதுவாகக் கேட்டால் யாருக்கும் கொடுக்கத் தெரியாது. உறுப்பினர்களின் பெயரையோ பாஸ் புத்தகப் படத்தையோ ரிப்போர்ட்டில் போடாதீர்கள். ஏஜென்ட்டுக்கு இலை போடுவதாக ஒருவர் நம்பிச் சொன்னது அச்சில் வந்தால் சங்கத்தில் அவருக்குச் சிக்கல், அது உங்கள் மதிப்பெண்ணை விடப் பெரிய விஷயம். ரிப்போர்ட்டைச் சமர்ப்பிக்கும் முன் மேலாளரிடம் ஒரு பிரதி கொடுத்து எண்களை மட்டும் சரிபார்க்கச் சொல்லுங்கள். உங்கள் முடிவுகளை மாற்றும்படி கேட்டால் பணிவாக மறுத்துவிட்டு, அவருடைய மறுப்பையும் ஒரு பத்தியாகச் சேர்த்துவிடுங்கள்.

போகிற மாதத்தையும் யோசித்து முடிவு செய்யுங்கள். பருவமழைக்குப் பிறகு இலை குவிகிற மாதங்களில் தொழிற்சாலை ராத்திரியும் ஓடும், மேலாளருக்கு உங்களோடு பேசப் பத்து நிமிடம் கூட இருக்காது. ஆனால் ஷெட்டில் பார்க்க வேண்டியதெல்லாம் அப்போதுதான் நடக்கும். பனி விழுகிற ஜனவரி, பிப்ரவரியில் இலை குறைவு, சில நாள் உலையே எரியாது. அந்த மாதங்களில் அலுவலகத்தில் உட்கார்ந்து பழைய பேரேடுகளைப் புரட்டலாம், மேலாளரும் பொறுமையாகப் பதில் சொல்வார். உங்கள் செமஸ்டர் டிசம்பரில் தொடங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ஆவணங்களிலிருந்து தொடங்கி, இலை ஏறத் தொடங்கும் ஏப்ரலுக்கு ஷெட்டை வைத்துக்கொள்ளுங்கள். சமர்ப்பிக்கும் தேதி மார்ச்சிலேயே என்றால் கைடிடம் இப்போதே பேசி ஒரு மாதம் கூடக் கேளுங்கள். காரணத்தை எழுத்தில் கொடுங்கள்: இலை இல்லாத மாதத்தில் இந்தத் தொழிற்சாலையின் முக்கியமான முடிவு எதையும் நேரில் பார்க்க முடியாது.